பூ இல்லை, பிளாஸ்டிக்தான்

என் ஸ்டாலுக்கு வருகிறவர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். வரிசை மாறாது. கம்மலைக் கையில் எடுத்ததும், "நிஜப் பூவா? காய வச்சுப் பண்ணினதா?" என்பார்கள். "இல்லைங்க, பாலிமர் க்ளே." "க்ளேன்னா மண்ணா?" "மண் இல்லைங்க, ஒருவகை பிளாஸ்டிக்." அந்த இடத்தில் விரல்கள் தளர்ந்து கம்மல் தட்டுக்குத் திரும்பிவிடும். மூன்றாவது கேள்வி கிளம்புவதற்கு முன் மரியாதைக்குக் கேட்பது: "வீட்ல சும்மா இருக்கற நேரத்துல பண்றீங்களா?"

இரண்டாவது கேள்வியைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு ஜோடியின் அட்டையிலும் "இயற்கையின் மடியிலிருந்து" என்று அச்சிட்டு வைத்திருந்தேன். ஓரத்தில் சின்னதாக ஒரு இலைப் படம். பிளாஸ்டிக் என்ற சொல் எங்கும் கிடையாது. பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவும் இல்லை, பூவைப் பார்த்துத்தானே செய்கிறேன்? எட்டு வருடம் அந்த அட்டையோடு விற்றேன். இயற்கை என்ற அந்த ஒரு சொல் என் மேசையில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன். என் மேசையில் மட்டும் இல்லை, இந்தக் கலையைக் கற்றுத்தரும் புத்தகங்களிலும் அதை மதிப்பிட்டவர்களிடமும்கூட.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பாலிமர் க்ளேயில் களிமண்ணே கிடையாது. பிவிசி தூள், அதை இளக வைக்கும் எண்ணெய் மாதிரியான ஒரு வேதிப்பொருள், நிறமி, கொஞ்சம் நிரப்பி. பிசைந்தால் சப்பாத்தி மாவுப் பதம் வரும். வகையைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் தூளின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து இறுகிவிடும். சூடு குறைந்தால் இதழ் ஒடியும். மிஞ்சினால் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பிக் கண்ணை எரிக்கும். சென்னையில் மே மாதம் இதை வைத்து வேலை செய்வது தனிக் கதை. கை வைத்த இடமெல்லாம் ரேகை பதியும், கூர்மையாக எதையும் வெட்ட முடியாது. வடையின் எண்ணெயைத் தாளில் வடிப்பது போல, தகடாகத் தேய்த்த க்ளேயை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி, இரவு முழுக்க அந்த எண்ணெயை உறிஞ்ச விடுவோம். காலையில் தாளில் மஞ்சள் கறை இருக்கும்.

இந்தப் பொருளின் வரலாறு ஒரு அம்மாவிடமும் மகளிடமும் தொடங்குகிறது. ஜெர்மனியில் கேதே க்ரூஸே என்ற பொம்மைக் கலைஞர் இருந்தார். அவருடைய மூத்த மகள் பொம்மை கேட்டபோது, சிற்பியான கணவர் கடைப் பொம்மை வாங்கித் தர மறுத்து, நீயே செய்துகொடு என்று சொல்லிவிட்டார். கேதே துண்டில் மணலைக் கட்டி, உருளைக்கிழங்கைத் தலையாக வைத்து ஒரு பொம்மை செய்தார். அது பெரிய தொழிலாக வளர்ந்தது. பிறகு பொம்மைத் தலைக்கு மாற்றுப் பொருள் தேடிய காலத்தில், இன்னொரு மகள் சோஃபியின் கையில் வந்த பிளாஸ்டிக் கலவைதான் இது. வீட்டில் அவர் பெயர் ஃபிஃபி. 1964-இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதை வாங்கி 'ஃபிமோ' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபிமோவில் உள்ள ஃபி, அந்த ஃபிஃபி. பாக்கெட்டைப் பிரிக்கிற எத்தனை பேருக்கு அது ஒரு பெண்ணின் செல்லப்பெயர் என்று தெரியும்?

கருவிகளையும் பாருங்கள். பாஸ்தா மெஷின், பூரிக்கட்டை, பிளேடு, பல்குச்சி, ஓடிஜி. எல்லாம் அடுப்படியிலிருந்து வந்தவை. ஆனால் ஒருமுறை க்ளே பட்ட கருவியை மறுபடி சாப்பாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. சமையலறையை விட்டுப் போனது திரும்பி வரக்கூடாது. பாதுகாப்புக்காகச் சொன்ன விதிதான், இருந்தாலும் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

1980-களில் அமெரிக்காவில் சில பெண்கள் இதை நகைக் கலையாக வளர்த்தார்கள். கடையில் குழந்தைகள் பகுதியில் கிடந்த பொருள் அது. நான் ரோச் எழுதிய 'தி நியூ க்ளே' 1991-இல் வந்தது. இந்தப் பொருளை ஒரு தனி ஊடகமாக நினைத்து எழுதப்பட்ட முக்கியமான புத்தகம். டோரி ஹியூஸ், பாலிமரால் யானைத் தந்தம், ஜேட், டர்க்காய்ஸ் கல் ஆகியவற்றைப் போலச் செய்யும் முறைகளுக்குப் பேர்போனவர். வெள்ளையையும் ஒளி கசியும் க்ளேயையும் மெல்லிய தகடுகளாக அடுக்கி, தந்தத்தின் ரேகையைக் கொண்டுவரும் முறையைப் பாருங்கள். போலி என்று ஒதுக்குவதற்கு முன்னால் யானையின் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

பியர் வௌல்கஸின் கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அவருடைய தந்தை பீட்டர் வௌல்கஸ், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பீங்கான் கலையின் பெரும் பெயர். மண்ணைக் கிழித்து, குத்தி, ஆளுயரத்துக்கு அடுக்கியவர். அவரைப் பற்றிய எழுத்துகளில் எல்லாம் வினைச்சொல் அதிகம்: உடைத்தார், மோதினார், மீறினார். மகள் பியர் எடுத்துக்கொண்டது பிளாஸ்டிக் க்ளே. செய்தது கழுத்தில் போடும் மணிகள். அப்பாவின் மண் 'மண்', மகளின் மண் பொம்மை மண். அவருடைய நகைகளின் நிறத்தையும் கோடுகளையும் பார்த்தால், எந்த ஓவியனோடும் சேர்த்துப் பேசத்தக்க கண் அவருக்கு இருந்தது தெரியும்.

பெண்கள் எழுதிய, பெண்களுக்கான கைநூல்களிலேயே இந்த வினைச்சொற்கள் காணாமல் போவதுதான் என் புகார். 'இயற்கையிலிருந்து நகை' வகைப் புத்தகங்களில் நான் படித்தவை பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. ஒரு பெண் காட்டுப் பாதையில் நடக்கிறாள். உதிர்ந்த இலையைப் பொறுக்குகிறாள். இலை அவளிடம் ஏதோ சொல்கிறது. வீட்டுக்கு வந்ததும் அது நகையாகிவிடுகிறது. முன்னுரை முழுக்க இலைதான் வேலை செய்கிறது, அவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளே போனால் படிப்படியான விளக்கங்கள் துல்லியமாக இருக்கும். எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எந்தக் கோணத்தில் வெட்டு, எத்தனை முறை மடிப்பு. அதைக் கண்டுபிடிக்க எத்தனை மாதம் கருக்கியிருப்பாள், எத்தனை கிலோ வீணாகியிருக்கும்! அதை எழுதாமல் பெருமையை இலைக்குக் கொடுத்துவிடுகிறாள்.

இலைக்குக் கொடுக்காத பெருமை இன்னொருவருக்குப் போன கதையும் உண்டு. நியூயார்க்கில் டிஃபனி ஸ்டுடியோஸின் தும்பி விளக்கும் விஸ்டேரியா விளக்கும் லூயிஸ் டிஃபனியின் மேதைமை என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. அங்கே பெண்களின் கண்ணாடி வெட்டும் பிரிவுக்குத் தலைமை தாங்கிய க்ளாரா ட்ரிஸ்கலின் கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, அவற்றை வடிவமைத்தது அவர்தான் என்று தெரிந்தது. 2007-இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் அவருடைய பெயரிலேயே கண்காட்சி வைத்தது. கல்யாணம் ஆன பெண்ணுக்கு அந்தப் பிரிவில் வேலை கிடையாது என்ற விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் ஊருக்கு வருகிறேன். சென்னை, கோவை கண்காட்சிகளில் க்ளே நகை விற்கும் பெண்கள் இப்போது நிறைய. பெரும்பாலும் வீட்டிலிருந்து செய்பவர்கள். தட்டுகளைப் பாருங்கள்: செர்ரிப் பூ, டெய்சி, சூரியகாந்தி, ஓக் இலை, ஏகார்ன் கொட்டை. நானும் இரண்டு வருடம் ஏகார்ன் செய்தேன். நான் ஏகார்னைக் கண்ணால் பார்த்ததே இல்லை. புத்தகத்தில் இருந்தது, செய்தேன். 'இயற்கையின் மடியிலிருந்து'!

எருக்கு, தும்பை, ஆவாரை, வேப்பம்பூ எல்லாம் ஏன் தட்டில் இல்லை என்று யோசித்தபோதுதான் எனக்கு வேறொன்று பிடிபட்டது. நம் ஊரில் பூ வெறும் பூ இல்லை. எந்தப் பூவைத் தலையில் வைக்கலாம், எந்தப் பூ சாமிக்கு மட்டும், எது சாவுக்கு, யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் சட்டம் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களைத் தோழி ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். அதில் தும்பையும் உண்டு, ஆவிரையும் உண்டு. இன்று அந்தப் பட்டியலில் பாதியை ஒரு பெண் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் பைத்தியம் என்பார்கள்.

அந்தப் பட்டியல் செங்காந்தளில் தொடங்குகிறது. நான் ஏகார்னை விட்டுவிட்டுக் காந்தளுக்கு வந்தேன். சங்கப் பாடல்களில் பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. விரல் காந்தளைச் செய்யட்டுமே என்று நினைத்தேன்.

காந்தள் லேசில் படியாத பூ. ஆறு இதழ், எல்லாம் பின்பக்கம் மேல்நோக்கி மடிந்திருக்கும், ஓரம் அலையலையாக இருக்கும். ஆறு மகரந்தத் தாள்கள் குடைக்கம்பி மாதிரி விரியும். சூல்தண்டு பக்கவாட்டில் சட்டென்று திரும்பும், யாரோ கூப்பிட்ட மாதிரி. அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, நடுவில் எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்த நிற மாற்றத்துக்குப் பாலிமரில் ஒரு வழி இருக்கிறது. மஞ்சள் தகடு ஒன்றும் சிவப்புத் தகடு ஒன்றும் எடுத்து, மூலைவிட்டமாக வெட்டி, இரண்டு முக்கோணத்தையும் சேர்த்து ஒரு செவ்வகமாக்க வேண்டும். அதை எப்போதும் ஒரே திசையில் மடித்து பாஸ்தா மெஷினில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பத்து தடவைவரை பட்டை பட்டையாக அசிங்கமாக இருக்கும். இருபதைத் தாண்டும்போது கோடுகள் மறைந்து, மஞ்சள் சிவப்புக்குள் கரையும். இதைக் கண்டுபிடித்தவர் ஜூடித் ஸ்கின்னர். உலகம் முழுக்க இந்த முறைக்கு 'ஸ்கின்னர் ப்ளெண்ட்' என்றுதான் பெயர். ஒரு பெண்ணின் பெயர் ஒரு செய்முறையின் மேல் அப்படியே நிலைத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

காந்தளைப் பற்றிப் படிக்கப் போய் இன்னொன்றும் தெரிந்தது. அது கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் வயலில் பயிராகிறது, மருந்துக்குப் போகும் விதைக்காக. காய் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் காலையில் பூ பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தடவ வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலர், சங்க இலக்கியத்தின் மலைப்பூ, இன்று காய்ப்பது கூலியாளின் கையால். இயற்கை என்று நான் அட்டையில் அச்சடித்தது இதையும் சேர்த்துத்தானா?

அத்தையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். மாமா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். முதல்நாள் இரவு என் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்த அத்தை, காந்தள் கம்மலை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"போட்டுக்கங்க அத்தை," என்றேன்.

"பூவெல்லாம் எனக்கெதுக்குடி?"

சொன்னாரே தவிர கீழே வைக்கவில்லை. இதழை நகத்தால் தட்டினார். "இது பூ இல்லையே. பிளாஸ்டிக்தானே?"

மறுநாள் பட்டுப்புடவைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். அத்தையின் கல் தோட்டிலும் பூ வடிவம்தான் இருக்கிறது, அதை யாரும் பூ என்று பார்ப்பதில்லை. இது சிவப்பாக, இதழ் மடிந்து, அப்போதுதான் பறித்த மாதிரி இருந்தது. பந்தியில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "என்ன அண்ணி, காதுல பூவா?" என்று ஒரு மாதிரி இழுத்தார். அத்தை இலையிலிருந்து நிமிராமலே, "பூ இல்ல, பிளாஸ்டிக்தான்," என்றார். பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எட்டு வருடமாக நான் மறைத்துவைத்த சொல் அது. அத்தைக்கு அதுதான் தேவைப்பட்டது. நிஜப் பூவாக இருந்திருந்தால், ஏன், என் அட்டையில் இருந்த பொய் நிஜமாக இருந்திருந்தால்கூட, அத்தை அதைத் தொட்டிருக்க மாட்டார். இதை நான் வெற்றி என்று கொண்டாட மாட்டேன். அத்தை ஒரு ஓட்டையின் வழியாகத்தான் வெளியே வந்தார், சுவர் அப்படியேதான் நிற்கிறது. அடுத்த வாரம் மல்லிகைச் சரம் வாங்கிப் போனேன். சிரித்துவிட்டுச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இயற்கை, செயற்கை என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இயல்பாக ஆவது இயற்கை. செய்வதால் ஆவது செயற்கை. சொல்லுக்குள்ளேயே 'செய்' இருக்கிறது. ஆனால் செயற்கைச் சிரிப்பு, செயற்கைப் பூ என்றால் நமக்குப் போலி என்றுதான் கேட்கிறது. பெண்கள் செய்வதை எல்லாம் எதிர்ப்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்: சமையல் அவளுக்கு இயல்பாக வரும், பிள்ளை வளர்ப்பது இயற்கை, கைவேலை பிறவிக் குணம். இயற்கைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, மழைக்குக் கொடுப்பதில்லையே, அது போல. என் ஸ்டாலில் கேட்கும் மூன்றாவது கேள்வி, 'சும்மா இருக்கற நேரத்துல', அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கேள்விக்கான இடத்தை என் அட்டையே போட்டுக் கொடுத்திருந்தது. இயற்கையின் மடியிலிருந்து தானாக உருண்டு வந்த கம்மலுக்கு 450 ரூபாய் அதிகம்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நம் கட்டுரைகளில் இது வருவதில்லை. ஒரு ஜோடிக் காந்தளுக்குப் பன்னிரண்டு இதழ், பன்னிரண்டு தாள், இரண்டு தண்டு. பிசைவதிலிருந்து கொக்கி மாட்டுவதுவரை நான்கு மணி நேரம். பொருளுக்கு 80 ரூபாய். மீதி 370. மணிக்கு 92 ரூபாய் 50 காசு. அதில்தான் ஸ்டால் வாடகை, மின்சாரம், கருகிப்போனவை எல்லாம். இதை 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று வகுப்பெடுப்பவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் வகுப்பில்தான் காசு, நகையில் இல்லை.

அருங்காட்சியகமும் சொல்லை மறைத்தது உண்டு. அமெரிக்காவின் ரஸீன் கலை அருங்காட்சியகம் 2011-இல் பாலிமர் கலைக்கென்று பெரிய கண்காட்சி நடத்தியது. கலைஞர் எலிஸ் விண்டர்ஸ் முன்னின்று சேர்த்த படைப்புகள் அங்கே நிரந்தரத் தொகுப்பாயின. பெரிய காரியம், சந்தேகமில்லை. அந்தக் கண்காட்சியின் தலைப்பில் 'பாலிமர் கலை' இருந்தது, 'க்ளே' இல்லை. பொழுதுபோக்குக் கடையின் வாசம் அடிக்கும் சொல்லை விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது என்று எனக்குப் படுகிறது. நான் பிளாஸ்டிக்கை மறைத்தேன், அவர்கள் க்ளேயை விட்டார்கள். என்னைவிட அவர்கள் நேர்மை என்பேன், பாலிமர் என்றாவது சொன்னார்களே.

பிளாஸ்டிக் என்று சொல்ல ஆரம்பித்தால் முழுக்கச் சொல்ல வேண்டும். பிவிசி வினைல் குளோரைடிலிருந்து வருகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அமெரிக்காவில் லூயிவில் நகர பிவிசி ஆலைத் தொழிலாளர்கள் அபூர்வமான கல்லீரல் புற்றுநோயில் இறந்தது 1974-இல் வெளியே வந்தது. நம் மேட்டூரிலும் கடலூரிலும் பிவிசி ஆலைகள் உண்டு. க்ளேயை இளக்க முன்பு பயன்பட்ட தாலேட் வகைப் பொருள்கள் சிலவற்றை, குழந்தைகள் பொம்மையில் கூடாது என்று ஐரோப்பாவும் பிறகு 2008-இல் அமெரிக்காவும் கட்டுப்படுத்தின. நிறுவனங்கள் கலவையை மாற்றின. என் காந்தள் மக்காது. ஒரு பூ எனக்குப் பிறகும் இருக்கும் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் இதை விடவில்லை. சுடுமண் நகை செய்து பார்த்தேன், காந்தள் இதழின் மெல்லிசு அதில் எனக்குக் கைகூடவில்லை. அந்த மெல்லிசுக்காக எவ்வளவு பிளாஸ்டிக்கை நியாயப்படுத்தலாம் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குறைவாகச் செய்கிறேன், கருகியதை அரைத்து மணியாக்குகிறேன். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பக்கத்து ஸ்டாலில் எழுதி வைத்திருந்தால் இப்போதெல்லாம் போய்ப் பேசுகிறேன், சண்டை வந்தாலும்.

தங்கத்தோடு இதை ஒப்பிடாமல் விட முடியாது. மாங்காய் மாலை, மல்லிமொட்டு மாலை, கோதுமைச் சங்கிலி என்று நம் பொன்னகையிலும் இயற்கைதான். ஆனால் அதன் கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை பவுன்? செய்த ஆசாரியின் பெயரும் அங்கே யாருக்கும் வேண்டாம். என் கம்மலைச் சீர்வரிசையில் யாரும் எடை போட மாட்டார்கள், அதனால் எனக்கு அதன் மேல் பிரியம். அதை அடகும் வைக்க முடியாது, அதனால் என் மாணவிகளிடம் இருக்கிற குண்டுமணித் தங்கத்தை விற்று இந்தத் தொழிலில் போடாதீர்கள் என்று சொல்கிறேன்.

போன தையில் புது அட்டை அடித்தேன். இலைப் படத்தை எடுத்துவிட்டேன். "செங்காந்தள். செயற்கைப் பூ. பொருள்: பிவிசி பிளாஸ்டிக். செய்ய ஆன நேரம்: 4 மணி. 600 ரூபாய்." கீழே என் பெயர்.

முதல் கண்காட்சியில் மூன்று ஜோடிதான் போயிற்று, முன்பு ஏழெட்டு போகும். மூன்றாவது ஜோடியை வாங்கிய கல்லூரிப் பெண், அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, "அக்கா, நாலு மணி நேரம் ரெண்டு கம்மலுக்கும் சேர்த்தா, ஒண்ணுக்கா?" என்று கேட்டாள்.